மஞ்சளுக்குக் கன்னம், கருப்புக்குப் புருவம்

நெல்லித்தோப்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்த அச்சகத்தில் நாலு கலர் மெஷின் ஓடத் தொடங்கிவிட்டால், தொண்டை கிழியக் கத்தினால் தவிர ஒன்றும் விழாது. அங்கே வேலை பார்க்கிற எல்லோரும் அந்தச் சத்தத்தைத் திட்டுவார்கள். கார்குழலி மட்டும் திட்டியதில்லை. சத்தத்துக்குள் நிற்கிற வரைக்கும் அவளை யாரும் எதுவும் கேட்க முடியாது.

மாடியில் பைண்டிங்கில் இருந்த காலத்தில் அப்படியில்லை. தாள் மடிப்பதும் பின் அடிப்பதும் ஓசையில்லாத வேலைகள். கை பாட்டுக்கு ஓடும், வாய் பாட்டுக்கு ஓடும். பெண்களின் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் அவளிடம் வந்து நின்றுவிடும். ஏன் கல்யாணம் பண்ணிக்கல? ஆத்தா அப்பன் போன வீட்ல தனியா படுக்க பயமா இல்லையா? காரைக்காலுக்குப் போன தம்பி வந்து எட்டிப் பார்க்கிறானா? எல்லாம் அக்கறையாகக் கேட்பவைதான். பதில் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. கீழே மெஷினில் உதவிக்கு இருந்த ஆள் திருப்பூருக்குக் கிளம்பிப் போனபோது, முதலாளி ராமலிங்கம் மாடியேறி வந்து, "யாராச்சும் மெஷினுக்கு வர்றீங்களா? மை ஆகும், எண்ணெ ஆகும், காது அடைக்கும்" என்றார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கார்குழலி எழுந்து நின்றாள்.

"தேங்காய்த்திட்டுக்காரி, மீன் மார்க்கெட் சத்தத்துல பொறந்தவ, தாங்குவா" என்று பைண்டிங்கில் மூத்தவளான செல்வாம்பாள் அவளை வழியனுப்பி வைத்தாள்.

மெஷினை ஓட்டியவர் வெற்றிச்செல்வன். முத்தியால்பேட்டையில் வீடு, மனைவி, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண். வாய் திறக்காத மனுஷன் என்று பெயர். அச்சான தாள்கள் வந்து விழுகிற முனையில் அவர் நிற்பார். கார்குழலிக்கு நாலு யூனிட்டுகளுக்கு நடுவில் வேலை. கருப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று நிறத்துக்கு ஒரு யூனிட். நீலத்தைச் சயான் என்பார்கள், சிவப்பை மெஜந்தா என்பார்கள். ஒவ்வொன்றிலும் படம் பதிந்த தகடான ஒரு பிளேட், ஒரு மைத்தொட்டி, கூடவே தண்ணீர்த் தொட்டி. மையும் தண்ணீரும் அளவோடு சேர்ந்தால்தான் படம் நிற்கும். விழுகிற தாளைப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல, எந்த நிறத்தைத் திறப்பது, எதை அடைப்பது என்று அவள் கைபார்க்க வேண்டும். சொல்வதுதான் எப்படி? முதல் கொஞ்ச நாள் அவர் அங்கிருந்து இங்கே ஓடிவந்து சொல்லிவிட்டுத் திரும்ப ஓடினார்.

கடற்கரைப் பக்கத்து ஓட்டல் ஒன்றின் விளம்பரத் தாள் ஓடிய நாளில் அது மாறியது. பிரெஞ்சுக்காரர் கட்டிய பழைய வீடு, அதன் சுவர் மஞ்சள். ஓட்டலின் சொந்தக்காரி அந்த மஞ்சளைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டாள். ஓடி ஓடிக் களைத்த வெற்றிச்செல்வன் நின்ற இடத்திலேயே நின்று, தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, கையைக் கீழே இறக்கினார். பெண்கள் மஞ்சள் பூசுகிற இடம். கார்குழலி மஞ்சளைக் குறைத்தாள். அடுத்த தாளைப் பார்த்துவிட்டு அவர் தலையை ஆட்டினார். மறுநாள் கருப்பு மை தீரப்போவதைச் சொல்ல அவள் புருவத்தைத் தொட்டாள். அப்படியே உதடு மெஜந்தாவுக்கு ஆனது, மேலே வானத்தைக் காட்டினால் சயான் ஆனது. ஈரக் கையை உதறுவதுபோல் உதறினால் தண்ணீர் அதிகம், பார். முஷ்டியை மடக்கினால் நிறுத்து. உள்ளங்கையை முன்னால் தள்ளினால், சரி, ஓடட்டும்.

நாலு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று இம்மி பிசகாமல் விழுவதை ரெஜிஸ்டர் என்பார்கள். முடியளவு விலகினாலும் படத்தில் இருக்கிறவருக்கு இரண்டு உதடு வந்துவிடும். அவர்கள் கணக்கில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒட்டி நின்றால் ரெஜிஸ்டர் சரி. பிரிந்து நின்றால் விலகியிருக்கிறது.

யூனிட்டுக்குள் அவரே கையை விட்டுச் சரிசெய்கிற நேரங்களில் அவள் மறுமுனைக்குப் போய் நிற்பாள். அப்போது அவர் காற்றில் ஒரு முனையைக் கிள்ளி மார்புப் பக்கம் இழுப்பார். ஒரு ஷீட்டை உருவிக் காட்டு என்று பொருள். கேட்டால் காட்டிவிட வேண்டும். எவ்வளவு கேவலமாக வந்திருந்தாலும் காட்ட வேண்டும். மெஷினில் அது ஒன்றுதான் சட்டம். முதலில் இருந்த ஆள் திட்டுக்குப் பயந்து கெட்ட தாளை அடியில் செருகிவிட்டு நல்லதை எடுத்துக் காட்டியதில், ஒரு லோடு தாள் குப்பைக்குப் போயிருக்கிறது.

வருஷங்கள் போகப் போக வேலைக்கு வேண்டாதவையும் சேர்ந்துகொண்டன. வயிற்றுக்கு முன்னால் ஒரு பானையை வரைந்தால் முதலாளி வருகிறார். காதுக்குப் பின்னால் பூ வைத்துக்கொண்டால் கல்யாணப் பத்திரிகை வேலை. மூக்கைப் பிடித்தால் தேர்தல் போஸ்டர். ஒருநாள் அவள் தலைவலியோடு வந்தபோது, அவள் எதுவும் காட்டாமலேயே, அந்த முனையிலிருந்து அவர் நெற்றியைத் தொட்டு என்ன என்று கேட்டார்.

மெஷின் நின்றால் எல்லாம் நின்றுவிடும். ஆண்கள் பின்கட்டில் சாப்பிடுவார்கள், பெண்கள் மாடியில். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று இருவருக்கும் தெரியும். ஒன்பது வருஷத்தில் அவரைக் கூப்பிட அவளுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டதில்லை. அண்ணா என்றோ சார் என்றோ வாயால் ஒருமுறைகூட அழைத்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தால், உள்ளே காலையில் விட்டுப்போன அதே காற்று. துறைமுகத்துப் பக்கமிருந்து படகு இன்ஜின் சத்தம் வரும், போகும். உலை வைக்கும்போது தண்ணீர் அதிகமாகிவிட்டால் அவள் கை தானாக உதறிக்கொள்ளும். யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கே சிரிப்பு வரும். அன்றைய பேச்சு முழுவதும் மெஷினிலேயே முடிந்துவிட்டிருக்கும். அது போதுமானதாக இருந்தது.

மாசி மாதத்தில் ஒருநாள் காலையில் மெஷின் ஓடவில்லை. ராமலிங்கம் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார். காலாப்பட்டில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு வரும்போது வெற்றிச்செல்வனின் வண்டிக்குக் குறுக்கே நாய் ஓடியிருக்கிறது. தாடை உடைந்துவிட்டது. வலது கையில் மாவுக்கட்டு. மூச்சுக்காகத் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் குழாய் இருக்கிறவரை பேச முடியாது.

"அந்தாளு எப்ப பேசினாரு, இப்ப பேசாம போறதுக்கு" என்று யாரோ சொல்ல, சிலர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். கார்குழலி மெஷினைத் துடைக்கப் போனாள்.

மூன்றாம் நாள் சிவகாசியிலிருந்து செல்வகுமார் என்கிற இளைஞன் வந்தான். வேலை தெரிந்தவன், நல்ல பையன். கழுத்தில் ஒரு விசில் தொங்கவிட்டிருந்தான். ஒரு ஊது ஊதினால் நிறுத்து, இரண்டு ஊதினால் ஷீட் காட்டு. மற்றதற்கெல்லாம் ஓடிவந்து காதில் கத்தினான். நாள் முடியும்போது அவளுக்குத் தலை முழுக்க விசிலாக இருந்தது. மெஷின் அதே மெஷின், சத்தமும் அதே சத்தம். அதற்குள் அவள் தனியாக நின்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று இருந்தது. எந்த உரிமையில் போவது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து கிளம்பியபோது அவள் தயங்கி நிற்பதைப் பார்த்துச் செல்வாம்பாள் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி. நாம இன்னா பொண்ணு பாக்கவா போறோம்? ஆளுக்கு ரெண்டு ஆப்பிள் வாங்கிக்கினு போய் பாத்துட்டு வந்துடலாம்."

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் விழுப்புரம் பஸ்ஸிலிருந்தும் திண்டிவனம் பஸ்ஸிலிருந்தும் இறங்கிய ஜனங்கள் மரத்தடியெங்கும் சோற்று மூட்டையைப் பிரித்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இரண்டிரண்டு பேராகத்தான் விட்டார்கள். கார்குழலியும் செல்வாம்பாளும் கடைசியாகப் போனார்கள். வெற்றிச்செல்வனின் மனைவி மேனகா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தூக்கமில்லாத கண்கள். ஆப்பிள் பையைப் பார்த்துவிட்டு, "தாடைய கம்பி போட்டு கட்டி வச்சிருக்காங்க. எல்லாரும் ஆப்பிளா வாங்கியாறீங்க. மூக்குக் குழாயில உருட்டி விடட்டுமா?" என்றாள். செல்வாம்பாள் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

கார்குழலி கிட்டே போகவில்லை. வார்டு வாசலிலேயே நின்றாள். அங்கிருந்து கட்டிலுக்கு ஏறக்குறைய மெஷின் நீளம் இருந்தது. தலையணையில் இருந்த முகம் அவளுக்குத் தெரிந்த முகமாக இல்லை. வீங்கி, பாதி மஞ்சள் மருந்து பூசி, பாதி கன்றிப்போய், தாடை ஒருபுறம் ஒதுங்கி இருந்தது. ஒரு கண் மட்டும் திறந்திருந்தது. அந்தக் கண் அவளைப் பார்த்தது. கட்டில்லாத இடது கை போர்வையிலிருந்து எழுந்து, காற்றில் ஒரு முனையைக் கிள்ளி, மார்புப் பக்கம் இழுத்தது.

"பாருக்கா, திரும்ப ஆரம்பிச்சுட்டாரு" என்று மேனகா குரல் உடைந்து செல்வாம்பாளிடம் சொன்னாள். "ராவும் பகலும் இதேதான். எதையோ கிள்ளிக் கிள்ளி இழுத்துக்கினே இருக்காரு. எங்க மாமியா போறதுக்கு மின்னாடி இப்படித்தான் போர்வைய இழுத்துக்கினு கெடந்தாங்க. நர்ஸம்மா எழுத்து அட்டை ஒண்ணு குடுத்தாங்க. அதுல அக்கன்னா வரைக்கும் இருக்குது. இவரு மூக்குக் கண்ணாடியும் ஒடைஞ்சு போச்சு, எடது கையில ஒரு எழுத்தத் தேடறதுக்குள்ள ஒரு பொழுது போயிடுது. அட்டையத் தூக்கி அடிச்சுட்டாரு."

கார்குழலிக்குத் தெரியாமலேயே அவள் கை எழுந்திருந்தது. தெரிகிறது, பொறு, என்று காட்டியது. கட்டிலில் இருந்த கை அடங்கியது.

இரண்டு பெண்களும் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"இன்னாக்கா?" என்றாள் மேனகா. "இன்னா சொன்ன நீ அவருக்கு?"

அவர் என்ன கேட்கிறார் என்று கார்குழலிக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. முகத்தைக் கேட்கிறார். எப்படி வந்திருக்கிறது, காட்டு என்கிறார். தண்ணீர் கேட்கிறார் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அந்தக் கண் அவள்மேல் இருந்தது.

"மொகத்த பாக்கணும்ன்றாரு" என்றாள். தன் குரல் இவ்வளவு மெலிதாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

"அய்யோ, வேணாம்." மேனகா எழுந்துவிட்டாள். "எம் பொண்ணு அபி ஒரு தபா வந்து பாத்துட்டு அப்படியே உக்காந்துடுச்சி. அப்புறம் இந்தப் பக்கமே வரல. நானே பைல இருந்த மொகம் பாக்கற கண்ணாடிய வீட்டுக்குக் குடுத்தனுப்பிட்டேன். இத பாத்தா மனசு விட்டுடுவாருக்கா."

"கேட்டா காட்டணும்" என்றாள் கார்குழலி.

"யாரு சொன்னது?"

"அவருதான். மெஷின்ல. கெட்டுப் போயிருந்தாலும் காட்டணும். காட்டாம ஓட்டினா எல்லாமே கெட்டுப்போயிடும்."

மேனகா கொஞ்ச நேரம் புருஷனைப் பார்த்தாள். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செல்போனை எடுத்து, அவரைத் தன் கையாலேயே படம் பிடித்துப் பெரிதாக்கி, அவர் கண்ணுக்கு நேரே நீட்டினாள். வெற்றிச்செல்வன் நெடுநேரம் பார்த்தார். படத்தை மேலும் கீழும் நகர்த்தும்படி கை காட்டினார். கார்குழலி அப்போதுதான் கட்டில் வரைக்கும் வந்தாள்.

அவர் இரண்டு விரல்களைப் பிரித்து, கையை ஒருபுறமாகச் சாய்த்தார்.

"ரெஜிஸ்டர் வெலகியிருக்குதாம்" என்றாள் கார்குழலி. "எடப்பக்கமா."

கன்னத்தைத் தொட்டுக் கையை இறக்கினார்.

"மஞ்சள் ஜாஸ்தியாம். கொறைக்கணுமாம்."

புருவத்தைத் தொட்டு, மறுபடி இறக்கினார். கருப்பும் அதிகம். மேனகா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். "இந்தக் கன்னத்த தொடறப்பல்லாம் வலிக்குதுன்னு நெனச்சி ஊசி போடச் சொன்னேனே! நர்ஸம்மா பஞ்சுல மஞ்சளா மருந்து பூசறத பாத்துட்டா சொல்லிக்கினு இருந்தாரு?"

கை சற்று நேரம் போர்வைமேல் கிடந்தது. பிறகு மெல்ல எழுந்து, உள்ளங்கையை முன்னால் தள்ளியது.

"ஓடட்டும்ன்றாரு" என்றாள் கார்குழலி. "இது போதும், ஓட்டலாம்னு."

வெளியே வரும்போது மேனகா வராந்தா வரை கூடவே வந்தாள். "இவ்ளோவா பேசிக்குவீங்க ரெண்டு பேரும்? வீட்ல கொழம்பு ஊத்துன்றதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டாரு." அதில் குத்தல் இருந்ததா என்று கார்குழலிக்குத் தெரியவில்லை. "எனக்கும் அதெல்லாம் சொல்லிக் குடுக்கா."

"அப்புறமா சொல்லித் தர்றேன்" என்றாள் கார்குழலி. "சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சதும் நானே வந்துடறேன்."

அடுத்து வந்த நாட்களில் அவள் விசில் சத்தத்தைப் பொருட்படுத்தவில்லை. வேலை முடிந்ததும் கையில் இருக்கிற மையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, டெம்போ பிடித்துக் கோரிமேட்டில் இறங்கிவிடுவாள். கட்டிலுக்கு மறுபக்கம் அவளுக்கென்று ஒரு ஸ்டூல் வந்துவிட்டது. அன்று பகலெல்லாம் சேர்த்து வைத்திருந்ததை அவர் காட்டுவார், அவள் மேனகாவுக்குச் சொல்வாள். தலையணை உயரம். காலில் கொசு. அபி பரீட்சைக்குப் போனாளா. பக்கத்துக் கட்டில்காரரின் மாமியார் வந்தால் மூக்கைப் பிடித்தார். தேர்தல் போஸ்டர் என்று கார்குழலி சொன்னதும் மூன்று பேருக்கும் சிரிப்பு. நர்ஸ்கூட, "உங்க டிரான்ஸ்லேட்டர் வந்தாச்சா?" என்று கேட்கத் தொடங்கினார். மேனகா இன்னொரு தரமும் கேட்டாள், சொல்லிக் கொடேன் என்று. "நாளைக்கு" என்றாள் கார்குழலி. மறுநாளும் அப்படியே. வீட்டுக்குத் திரும்பிப் பூட்டைத் திறக்கும்போது, நாளைக்கு அங்கே ஒருவர் தனக்காகக் காத்திருப்பார் என்ற நினைப்பு அவளோடு உள்ளே வந்தது. அப்படி ஒரு நினைப்பு அந்த வீட்டுக்குள் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, மாதா கோயில் திருவிழாவுக்கான புத்தகம் அவசரமாக ஓடியது. முடிய நேரமாகிவிட்டது. அவள் வார்டுக்குள் நுழைந்தபோது மேனகா வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். முகம் அழுது சிவந்திருந்தது.

"இன்னாச்சி?"

"எனக்கு இன்னா தெரியும்?" என்று மேனகா சீறினாள். "கைய உதறி உதறிக் காட்டினாரு. போ, போன்னு என்ன வெரட்டறாருன்னு நெனச்சேன். ராவும் பகலும் கூடவே கெடக்கறேன், என்னப் பாத்து போன்றாரேன்னு எனக்கு ஆத்தரம். வெளியில வந்து உக்காந்துட்டேன். நர்ஸம்மா தற்செயலா பாத்தாங்க. குழாயில சளி கட்டி, மூச்சு இழுத்துக்கினு இருந்திருக்காரு. ஒடனே மெஷின் வச்சி உறிஞ்சி எடுத்தாங்க. கொஞ்சம் தாமதமாயிருந்தா?"

கார்குழலிக்குப் புரிந்துவிட்டது. கையை உதறினால் தண்ணீர் அதிகம், பார். தொண்டைக்குள் தண்ணீர் கட்டுகிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். மேனகாவிடம் அதைச் சொல்லித்தர ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நாளைக்கு, நாளைக்கு என்று தான் தள்ளிப்போட்டதற்குக் காரணம் என்ன என்பது அவளுக்குத் தெரியும். அந்த ஸ்டூல்.

"உள்ள வா" என்று மேனகாவின் கையைப் பிடித்தாள். மைக்கறை இன்னும் போகாத கை.

கட்டிலருகே நின்று முதலிலிருந்து தொடங்கினாள். தண்ணீரை முதலில் சொன்னாள். அப்புறம் நிறுத்து, காட்டு, ஓடட்டும். நாலு நிறங்கள். விரல் ஒட்டினால் சரி, பிரிந்தால் சரியில்லை. மேனகா ஒவ்வொன்றையும் செய்து பார்த்தாள், தப்பாகச் செய்தாள், திரும்பச் செய்தாள். முதலாளிக்குப் பானை வயிறு என்றதும் தேம்பலுக்கு நடுவிலும் சிரித்தாள். வெற்றிச்செல்வன் தலையணையில் சாய்ந்தபடி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியைத் தொட்டு என்ன என்று கேட்பது ஒன்று பாக்கியிருந்தது. கார்குழலி அதையும் சொல்லிக்கொடுத்தாள். எல்லாம் முடிந்ததும், இனிச் சொல்ல ஒன்றுமில்லை என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது. ஒன்பது வருஷத்துப் பேச்சு, ராத்திரிச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் தீர்ந்துவிட்டது.

மேனகா சூட்டிகையானவள். அடுத்த வாரத்தில் அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கார்குழலி போனால், "வாக்கா, உக்காரு" என்று ஸ்டூலைத் துடைத்துப் போடுவாள், அவ்வளவுதான். கார்குழலி ஒருநாள் விட்டு ஒருநாள் போனாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும். பிறகு, வீட்டுக்குப் போய்விட்டார்கள், குழாயை எடுத்தாகிவிட்டது என்று ராமலிங்கம் சொல்லித்தான் தெரிந்தது.

"குரல் கரகரன்னு வருது, ஆனா பேசறாரு" என்றார். "ஒரு நட போய்ப் பாத்துட்டு வா கொழலி. உன்னைக் கேட்டாரு."

அந்த ஞாயிறு அவள் தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, இந்தத் தடவை பிஸ்கெட் வாங்கிக்கொண்டு முத்தியால்பேட்டைக்குப் போனாள். அவர் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீக்கம் வடிந்திருந்தது. தாடை இன்னும் சற்று ஒதுங்கித்தான் இருந்தது. கழுத்தில் சின்னக் கட்டு. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"வாங்க" என்றார். "உக்காருங்க."

ஒன்பது வருஷத்தில் மெஷின் சத்தத்துக்கு வெளியே அவளை நேராகப் பார்த்து அவர் பேசிய முதல் சொல் அதுவாக இருக்கலாம். அந்தக் குரலை அவள் எங்கேயும் கேட்டதில்லை. ஏதோ விசாரிக்க வந்த அரசாங்கத்து அம்மாளிடம் பேசுகிற குரல்.

"நல்லாயிருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கேன். நீங்க?"

"இருக்கேன்."

மேலே மின்விசிறி சுற்றியது. அபி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "வாங்க ஆன்ட்டி" என்றுவிட்டுத் திரும்பிப் போனாள். பேசத் தெரிந்த இரண்டு பேர் பேச என்ன இருக்கிறது என்று கார்குழலி தேடினாள். மெஷின் நல்லா ஓடுதா என்றார். ஓடுது என்றாள். புதுப் பையன் எப்படி என்றார். நல்ல பையன் என்றாள். அவருடைய இடது கை மடியில் சும்மா கிடந்தது. அவள் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

"எப்ப வருவீங்க வேலைக்கு?"

கேட்டுவிட்டாள். இத்தனை நாளாக அவள் கேட்க நினைத்தது அது ஒன்றுதான்.

அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். விரல்கள் பாதிதான் மடங்கின. "பிளேட்ட மாட்டி இழுத்துக் கட்ட முடியாதுங்க இனிமே. நோணாங்குப்பத்துல படகுத்துறைக்குப் பக்கத்துல என் மச்சான் டீக்கடை வச்சிருக்கான். கல்லாவுல வந்து உக்காருன்றான். அடுத்த மாசத்துலேர்ந்து போறேன்."

"அதுவும் நல்லதுதான்" என்றாள் கார்குழலி.

அடுப்படியில் குக்கர் சத்தம் போட்டது. மேனகா வாசற்படியில் வந்து நின்று, வாயைத் திறக்காமல், அவரைப் பார்த்து இரண்டு விரலை உதட்டருகே வைத்துச் சுழற்றினாள். அவர் சிரித்து, சுண்டு விரலை மட்டும் நீட்டி ஆட்டினார். மேனகா முறைத்துவிட்டு உள்ளே போனாள். அபி உள்ளேயிருந்து கெக்கலித்தாள். கார்குழலிக்கு அது தெரியவில்லை. மெஷினில் அப்படியொன்று இருந்ததில்லை. சர்க்கரையா, காப்பியா, இல்லை அவளைப் பற்றியேதானா என்று யோசித்தாள். கேட்கவில்லை.

காப்பி வந்தது. குடித்தாள். போய்விட்டு வருகிறேன் என்றாள். அவர் வாசல் வரைக்கும் வந்து, "அடிக்கடி வாங்க" என்றார். டெம்போ வளைவில் திரும்பும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் வாசலில்தான் நின்றிருந்தார். ஆனால் அந்தத் தொலைவிலிருந்து ஒருவர்க்கொருவர் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. எல்லோரையும் போல அவர் கையை அசைத்தார். எல்லோரையும் போல அவளும் அசைத்தாள்.

திங்கட்கிழமை மறுபடி அந்த ஓட்டல் வேலை வந்தது. அதே வீடு, அதே சுவர். செல்வகுமார் மஞ்சள் யூனிட்டுக்குள் கையை விட்டபடி இரண்டு விசில் ஊதினான். கார்குழலி ஒரு ஷீட்டை உருவி இரு கையாலும் விரித்துப் பார்த்தாள். சுவர் பளீரென்று கண்ணைக் குத்தியது. அவனைப் பார்த்துக் கன்னத்தைத் தொட்டுக் கையை இறக்கினாள்.

செல்வகுமார் புரியாமல் பார்த்தான். பிறகு கையை வாய்க்குக் குவித்து, மெஷின் சத்தத்துக்கு மேல் உயிரை விட்டுக் கத்தினான். "என்னக்கா, பல்லு வலியா?"

அவள் கையை இறக்கிக்கொண்டாள். ஷீட்டைச் சுருட்டாமல் தூக்கிப் பிடித்தபடி, மெஷினின் முழு நீளத்தையும் நடந்து கடந்து, அவன் காதருகே போய் வாயைத் திறந்தாள்.

"மஞ்சள் ஜாஸ்தி."